மூன்று கேள்வியும் எட்டு மூட்டை ஜவுளியும்

தேனி,
பவ வருஷம், கார்த்திகை மாதம்

சென்னைப் பட்டணத்துக் கலாசாலையில் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் போதித்து, பேரும் கீர்த்தியும் பெற்று விளங்கும் என் மைத்துனர் சிரஞ்சீவி செல்லப்பாண்டிக்கு, தேனி கடைத்தெரு ஜவுளிக்கடை பலவேசம் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. உன் அக்காள் பாண்டியம்மாள் திடமாக இருக்கிறாள். அதை அடுத்த தெருக்காரர்களும் தினமும் காதால் கேட்டு அறிகிறார்கள். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறை கிடையாது. முழங்காலுக்கும் நீதான் காரணம். அது எப்படி என்பது கீழே வரும்.

மாப்பிள்ளை, நீ ஆடி மாதம் இங்கே வந்திருந்தபோது, நான் கடையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாய். போன தீபாவளிக்கு இறக்கிய சரக்கில் பாதி அப்படியே அலமாரியில் கிடந்தது. நெல்லுக்கு விலை இல்லை, பருத்திக்கு விலை இல்லை, சீமையிலேயே சீரழிவு என்று பத்திரிகையில் போடுகிறார்கள். இந்தத் தீபாவளிக்கு மதுரையிலிருந்து எத்தனை மூட்டை எடுப்பது என்று எனக்கு ஒரு வழியும் புலப்படவில்லை. குறைத்து எடுத்தால் வந்த கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும், கூட்டி எடுத்தால் கூட்டமே வராது. எப்படித் தவறினாலும் கடையைச் சாத்திவிட்டு, குமுளி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகப் போவது என்று முடிவு செய்திருந்தேன். உன் அக்காளும் அவள் முடிவைச் சொல்லிவிட்டாள். "அட்டை கடிக்கிற ஊருக்கு நான் வரமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க. வருசத்துக்கு ஒருக்கா எறங்கி வந்து மொகத்தக் காட்டிட்டுப் போங்க, அது போதும்" என்றாள். அந்த மாதிரி நேரத்தில்தான் நீ வாயைத் திறந்தாய். "அத்தான், சனங்க கையில என்ன இருக்குன்னு பாக்காதீக. காசு இருந்தும் நாளையை நெனச்சுப் பயந்தவன் முடிச்சை அவுக்க மாட்டான். கொஞ்சமா இருந்தாலும் நாளைக்கு நல்லாருக்கும்னு நம்புறவன் அவுத்துருவான். அதனால நம்பிக்கைய அளக்கணும்" என்றாய். துணியை அளக்க என்னிடம் கஜக்கோல் இருக்கிறது, நம்பிக்கையை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டேன். நீ மூன்று கேள்விகளைச் சொன்னாய். போன வருஷத்துக்கு இந்த வருஷம் உங்கள் குடும்பம் தேவலையா? வருகிற வருஷம் இதைவிடத் தேவலையாக இருக்குமா? பெரிய சாமான் எதுவும் வாங்க இது ஏற்ற காலமா? தேவலை என்பவர்கள் அதிகமானால் மூட்டையை இறக்குங்கள், இல்லை என்பவர்கள் அதிகமானால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டு, ரயிலேறிப் போய்விட்டாய். மாட்டிக்கொண்டவன் நான்.

முதலில் கோம்பைக்குப் போனேன். அங்கே சுருளியாண்டி என்று நம் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. இரண்டு போகம் நெல் எடுக்கிற கை. நான் போனபோது, புதுசாய்ச் சாயம் பூசிய கூண்டு வண்டிக்கும் ஒரு ஜோடி வெள்ளைக் காளைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் தேவலையா?" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல மொதலாளி, ஏதோ இருக்கோம்" என்று பெருமூச்சு விட்டான். வருகிற வருஷம்? "மழ பேஞ்சாத்தான், மானம் விட்ட வழி." பெரிய சாமான்? "பெரிய சாமானா! அட போங்க மொதலாளி, உப்புப் புளிக்கே இங்கன ததிங்கிணத்தோம்" என்றான். அவன் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் குரலை உயர்த்திக் கேட்டிருந்தேன். எஜமானை யாரோ அதட்டுகிறார்கள் என்று அவன் வளர்க்கிற கோம்பை நாய் நினைத்துக்கொண்டது. அந்த ஊர் நாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வேட்டியில் பாதி அதன் வாயில் இருந்தது, மீதியைப் பிடித்துக்கொண்டு நான் தொழுவத்துக் கல்லில் விழுந்தேன். முழங்கால் கதை இதுதான். உன் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்ன சீவன் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

பிறகு நொண்டிக்கொண்டே கூடலூர் போனேன். அங்கே பஞ்சம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை, தொழுவம் நிறைய மாடு வைத்து மலைக்கு அந்தப்பக்கம் வரை நெய் விற்கிறாள். காதில் தொங்குகிற பாம்படத்தின் கனத்தில் தோளே சரிந்திருக்கும். அவளிடம் வருகிற வருஷத்தைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், "விடிஞ்சும் விடியாம வந்து கேக்குற கேள்வியா இது? வார வருசம் இருப்பமா மாட்டமான்னு கேக்குறீகளா? மொதல்ல வாயக் கழுவுங்க" என்று ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். கழுவினேன். நான் திரும்பியதும் மாடுகளுக்கெல்லாம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாளாம். பழனிசெட்டிபட்டியில் அம்மாவாசியைப் பார்த்தேன். சென்ற மாதம்தான் மச்சு வீட்டுக்குப் பால் காய்ச்சினான். சோற்றில் நெய்யைக் குளமாகக் கட்டிப் பிசைந்துகொண்டே, "கஞ்சிக்கே வழியில்ல அண்ணாச்சி" என்று சொல்லி ஏப்பம் விட்டான். இப்படிப் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டேன். தேவலை என்று ஒரு மனிதர் சொல்லவில்லை. ஒரே ஒருவனைத் தவிர. அவன் சின்னக்கருப்பு. இருந்த நிலத்தை விற்றுவிட்டான், ஏரை விற்றுவிட்டான். மகளுக்குப் பவுனு என்று பெயர் வைத்ததோடு சரி, வீட்டில் வேறு பவுன் கிடையாது. அவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "அமோகம் மொதலாளி! வார வருசம் இதவிட அமோகம்!" என்றான். இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, அவனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.

ஆக, ஊரே இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு மூட்டை போதும் என்று மதுரைக்குக் கார்டு எழுதி, அதை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினேன். பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுகிர்தத்தம்மாள், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குப் போக மற்ற நாளெல்லாம் கடையை விட்டு அசையாதவள், என்னைக் கூப்பிட்டாள். "ஊரெல்லாம் கேட்டுட்டு வாரீகளே அண்ணாச்சி, ஒங்க கடை எப்படி ஓடுது?" என்றாள். அன்று காலைதான் மலைத்தோட்டத்துக் கங்காணி ஒருவர் வந்து, தம் ஆட்களுக்கெல்லாம் கம்பளி எடுத்துக்கொண்டு ரொக்கமாய்க் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கல்லாப்பெட்டி மூட மாட்டேன் என்றது. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஏதோ ஓடுதும்மா" என்றது. நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகவே சொல்லியது. நான் நட்ட நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த வண்டிக்காரன் வைததுகூட என் காதில் ஏறவில்லை. போன தை மாதம், மதுரை மொத்த வியாபாரி என் கடை வாசலில் வந்து நின்று, "எப்படி வியாபாரம்?" என்று கேட்டபோது நான் சொன்ன சொல்லும் அப்போது நினைவுக்கு வந்தது. அலமாரியில் விற்காத துணிமேல் பல்லி ஓடிக்கொண்டிருந்தது, நான் சொன்னது "அமோகம்".

மாப்பிள்ளை, அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுபடும் என்று எவன் பயப்படுவான்? கண்ணுபட ஏதாவது வைத்திருப்பவன்தான் பயப்படுவான். ஒன்றுமில்லாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? அவனுக்கு உள்ள ஒரே சொத்து ஊரார் அவன்மேல் வைத்திருக்கிற மதிப்பு, அதைக் காப்பாற்ற அவன் அமோகம் என்றுதான் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் ஏதோ என்றால் பத்தாயத்தில் நெல் இருக்கிறது என்று அர்த்தம். கஞ்சிக்கே வழியில்லை என்றால் மச்சு வீடு எழும்பிவிட்டது என்று அர்த்தம். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே குரலில் எனக்கு நல்ல செய்தி சொல்லியிருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த பாஷையிலேயே சொல்லியிருக்கிறது. அது விளங்காமல், கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். உன் கேள்வியிலும் பிசகில்லை, அவர்கள் பதிலிலும் பிசகில்லை, நடுவில் நின்ற நான்தான் மொழிபெயர்க்கத் தெரியாதவன். அங்கேயே கார்டைக் கிழித்தேன். எட்டு மூட்டை அனுப்பவும் என்று தந்தியே கொடுத்துவிட்டேன். தந்தி என்றதும் உன் அக்காள் யாரோ செத்துப்போனார்கள் என்று அழ ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்ன பிறகு இன்னும் பலமாக அழுதாள்.

எட்டு மூட்டையும் போடி ரயிலில் வந்து இறங்கின. அதே வாரம் ஊரில் ஒரு பேச்சும் வந்து இறங்கியது. பலவேசம் வீடு வீடாகப் போய், தேவலையா தேவலையா என்று எதற்காகக் கேட்கிறான்? சர்க்கார் ரகசியமாகச் சொல்லித்தான் கேட்கிறான். தேவலை என்று தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் புது வரி! இதை முதலில் யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொன்னவுடனே பள்ளத்தாக்கு முழுவதும் நம்பிவிட்டது. சுருளியாண்டி சாயம் பூசிய வண்டியின்மேல் சாணியைக் கரைத்துப் பூசிவிட்டான். பஞ்சம்மாள் பாம்படத்தைக் கழற்றித் தவிட்டுப் பானைக்குள் போட்டுவிட்டு, துளைத்த காதோடு நெய் விற்றாள். அம்மாவாசி ஒட்டுப்போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, என் கடை வாசலில் மேற்கே இரண்டு தரமும் கிழக்கே இரண்டு தரமும் நடந்தான். நான் பார்க்கிறேனா என்று கடைக்கண்ணால் வேறு பார்த்துக்கொண்டான். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினால் போதும், புதுத்துணி எடுப்பவன் வரியில் மாட்டுவான் என்று ஊருக்கு ஊர் பேசிவிட்டார்கள். யோசித்துப் பார், மாப்பிள்ளை. அவர்கள் கையில் இருந்தது குறையவில்லை, பத்தாயத்தில் இருந்ததும் குறையவில்லை. நான் கேட்ட கேள்வி ஒன்றே எல்லார் முடிச்சையும் இறுக்கிவிட்டது. நீ சொல்லிக்கொடுத்த அளவுகோல், அளக்கப் போன பொருளையே அடித்துச் சாய்த்துவிட்டது.

சந்தைக்கு நடுவில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, "வரியும் இல்லை, கிரியும் இல்லை, என் வியாபாரத்துக்காகத்தான் கேட்டேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டத்தில் ஒருத்தன் பக்கத்தில் நின்றவனிடம், "பாத்தியாலே, இல்லன்னு சொல்லச் சொல்லி உத்தரவு வந்துருக்கு" என்றான். அது எனக்கே நன்றாகக் கேட்டது. நான் பெட்டியை விட்டு இறங்கினேன். கடைக்கு வந்தால், உன் அக்காள் புது மூட்டையைப் பிரித்து அதிலிருந்து நல்ல கம்பளியாக ஒன்றை எடுத்து, என் தகரப்பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். "மலையில குளிருமாம்" என்றாள். குரலில் சண்டை இல்லை. அவள் சண்டை போடாததைக் கண்டுதான், மாப்பிள்ளை, எனக்கு உண்மையில் பயம் வந்தது. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

தீபாவளிக்கு முந்தின சந்தை நாள் வந்தது. ஈ காக்கை இல்லாத கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது, சின்னக்கருப்பு ஆரவாரமாக உள்ளே நுழைந்தான். கூடவே சம்பந்தியாகப் போகிற ஒச்சாண்டி, அவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். மகள் பவுனுக்கு இடம் கூடிவிட்டதாம், முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருக்கிறார்கள். முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் செலவு என்பது உனக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் நான் ஒச்சாண்டியிடம், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். "அமோகம்!" என்றார் அவர். சின்னக்கருப்பும் அவருக்குச் சளைக்காமல், "அமோகம்!" என்றான். பொருத்தம் பத்தும் அமைந்த சம்பந்தம் என்று சோசியரைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன். ஒச்சாண்டி மடியை அவிழ்த்து ரொக்கமாய் எண்ணிக் கொடுத்தார். அந்த நோட்டில் மாட்டுத்தாவணி வாசம் அடித்தது. எந்த மாட்டை விற்றாரோ பாவம். பட்டு அரக்குச் சிவப்பு, கெட்டிச் சரிகை. வெளியே இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் வெயிலுக்குச் சர்பத் கடையில் நின்றுவிட்டார்கள். சின்னக்கருப்பு மட்டும் பொட்டணத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சரிகை முனை கொஞ்சம் வெளியே தெரியும்படி இழுத்துவிட்டு, கடைத்தெரு முழுவதும் நடந்தான். கேட்டவனிடமும் சொன்னான், கேட்காதவனையும் நிறுத்திச் சொன்னான். "பட்டு எடுத்துட்டு வாரோம்ல! வார வருசம் அமோகம்!"

தெரு அப்படியே ஸ்தம்பித்தது. சின்னக்கருப்பே பட்டு எடுக்கிறான் என்றால் வரி எங்கே இருக்கிறது? இருந்தால் இவன் இப்படித் தெருவில் தூக்கிக்கொண்டு திரிவானா? முதலில் உள்ளே வந்தவள் பஞ்சம்மாள்தான். "அந்தச் சின்னக்கருப்பு மகளே பட்டு உடுத்துறா, ஏம் பேத்திக கந்தையச் சுத்திக்கிட்டு நிக்கணுமாக்கும்? எடுங்க அந்தப் பச்சய" என்றாள். அவளுக்குப் பின்னால் சுருளியாண்டி. அவனுக்குப் பின்னால் அம்மாவாசி, ஒட்டுவேட்டியோடேயே வந்தான். அப்புறம் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. துணி கிழிகிற சத்தம் அன்று இருட்டும் வரை ஓயவில்லை. உன் அக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கஜக்கோலைப் பிடித்தாள். ஒரு முழம்கூடக் கூடுதலாகப் போகவில்லை என்பதை இங்கே பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அத்தனை பேரும் காசைக் கீழே வைக்கும்போது, "ஏதோ பிள்ளைகளுக்காக" என்றுதான் சொன்னார்கள்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு இன்னும் தூக்கம் வராமல் அடிக்கிறது. துணி எடுத்தவர்கள் எல்லாரும் தையல்காரனிடம் போனார்கள். தையல்காரன் கையில் காசு புரண்டதும் சுகிர்தத்தம்மாளிடம் அண்டாவும் குத்துவிளக்கும் வாங்கினான். அவள் என்னிடம் வந்து, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கென்று இப்போதே சேலை எடுத்தாள். பலகாரத்துக்கு வெல்லம் போதாமல், வெல்லக்காரன் சரக்கு ஏற்றிவர வண்டியை இரண்டு தடவை அனுப்பினான். பருத்தி விலை ஏறவில்லை, நெல் விலை ஏறவில்லை, சீமையில் சீரழிவு தீரவில்லை, வானத்திலிருந்தும் ஒன்றும் விழவில்லை. நாளை நல்லாயிருக்கும் என்று ஒரு நாள் சனங்கள் நம்பினார்கள், நம்பிச் செலவழித்தார்கள், செலவழித்ததாலேயே நாளை நல்லாயிருந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று பார்த்தால், கையில் காலணா இல்லாத ஒருவன் கக்கத்தில் இருந்த, அவன் வாங்காத ஒரு சேலை! மாப்பிள்ளை, நான் சுருளி அருவியைப் பார்த்திருக்கிறேன், பேரியாற்று அணையைப் பார்த்திருக்கிறேன், போடிக்கு முதல் ரயில் வந்தபோது வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். இவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்த்ததில்லை. சின்னக்கருப்பு வருகிற வருஷம் அமோகம் என்று சொன்னது பொய் என்றுதான் நான் நினைத்தேன். இப்போது அவனைக் கல்யாணத் தடபுடலில் பார்த்துவிட்டு, இரண்டு பேர் தங்கள் நிலத்தை அவனுக்கே குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது பொய் என்று இனி எப்படிச் சொல்வது?

ஆகையால் மலையேறும் பேச்சு நின்றுபோயிற்று. கம்பளியை உன் அக்காள் பெட்டியிலிருந்து எடுத்து விற்றுவிட்டாள். அவளுக்கு நான் ஒரு பட்டுச்சேலை வைத்திருக்கிறேன். அவள் கோபமாக இருக்கும்போது கொடுக்கலாம் என்று காத்திருக்கிறேன், என்ன காரணமோ அவள் ஒரு வாரமாகக் கோபப்படவே இல்லை. நீ உன் கலாசாலைப் பெரியவர்களிடம் இதைச் சொல். கேள்வி மூன்றும் மெத்தச் சரி. ஆனால் பதில் சொல்பவனின் பத்தாயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் அவன் வாய்ச்சொல்லைக் குறித்துக்கொள்ளச் சொல். உடம்பைக் கவனித்துக்கொள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. சீக்கிரம் உனக்கும் கல்யாணம் கூடி, உன் வீட்டிலும் உரத்த குரல் ஒலிக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்,
பலவேசம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் கடைக்கு ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாகச் சிறு வயசு, நல்ல பிள்ளை, பேச்சு வடக்கத்திப் பக்கம். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "போன வருஷத்துக்கு இந்த வருஷம் உங்கள் குடும்பம் தேவலையா?" என்று வாசித்தார். அடுத்ததையும் வாசித்தார், அதற்கடுத்ததையும் வாசித்தார். நீ அங்கே யாரிடம் வாயைத் திறந்தாய் என்பதை உடனே எழுது. ஊர் வரி என்றது, வரி வந்தேவிட்டது. இந்த ஊர் நம்பினால் எது வேண்டுமானாலும் நடக்கும் போலிருக்கிறது. நான் கஞ்சிக்கே வழியில்லை என்று சொல்லிவிட்டேன். உன் அக்காள் உள்ளேயிருந்து மூக்கைச் சிந்தினாள். சுகிர்தத்தம்மாளும் அப்படியே சொல்லியிருக்கிறாள், அவளைக் கர்த்தர் மன்னிப்பார். அந்தப் பிள்ளைக்கு மனசு தாங்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டு, பேரம் பேசாமல் இரண்டு ஜோடி வேட்டி வாங்கிக்கொண்டு போனார். அதனால் மேலே நான் எழுதியது எதுவும் நடக்கவில்லை. யாரும் துணி எடுக்கவில்லை. வாசித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடு. கடை படுத்துவிட்டது, மாப்பிள்ளை. பொங்கலுக்குப் பத்து மூட்டை சொல்லியிருக்கிறேன்.